சுமைகூலி முக்கால் பணம்: ஹப்பிளைப் பழுது பார்ப்பதா, புதிதாக ஒன்றை அனுப்புவதா?

வாணியம்பாடியில் பேருந்து ஏறி, ஆலங்காயம் தாண்டி, ஜவ்வாது மலைப் பக்கம் போனால் காட்டுக்கு நடுவே ஒரு பெரிய வெள்ளைக் குவிமாடம் தெரியும். அதுதான் காவலூர் வானாய்வகம். உள்ளே இருப்பது வைணு பாப்பு தொலைநோக்கி. 1986 ஜனவரி 6 அன்று அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தார். அன்றைக்கு அந்த இடம் வட ஆற்காடு மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டமானது. 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டத்தின் பெயர் இத்தனை முறை மாறியும் தொலைநோக்கியின் முதன்மை ஆடி அதே குவிமாடத்துக்குள்தான் இருக்கிறது. அதன் குறுக்களவு 2.34 மீட்டர்.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடி 2.4 மீட்டர். அது ஏவப்பட்டது 1990 ஏப்ரல் 24. ஆக இரண்டுக்கும் இடையே அளவில் 6 சென்டிமீட்டர், வயதில் 4 வருடம்தான் வித்தியாசம். ஒரே தலைமுறைக் கருவிகள் என்று சொல்லலாம். காவலூரில் ஆடியின் மேல் இருக்கும் அலுமினியப் பூச்சு மங்கினால் ஆடியைக் கழற்றி, பழைய பூச்சைக் கழுவி, வளாகத்திலேயே உள்ள வெற்றிட அறையில் புதுப் பூச்சு பூசி, மறுபடியும் மாட்டிவிடுகிறார்கள். ஒளிப்படத் தகடு போய் சிசிடி என்ற மின்னணு உணரி வந்தது. கண்ணாடி இழை வழியாக ஒளியைக் கொண்டுபோய், அதை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி வந்தது. ஹப்பிளை மனிதக் கை கடைசியாகத் தொட்டது 2009 மே மாதம்.

இந்த ஹப்பிளை என்ன செய்வது என்ற கேள்வி சில வருடங்களாக மறுபடியும் சூடாகி இருக்கிறது. மேலே போய்ப் பழுது பார்ப்பதா? விட்டுவிட்டு, புதிதாக ஒன்றைக் கட்டுவதா? நம் ஊர்ப் பழமொழி ஒன்று இதற்கு அப்படியே பொருந்தும்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். விண்வெளியில் உதிரிபாகத்தின் விலை ஒரு பொருட்டில்லை. அங்கே போய்ச் சேரும் கூலிதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

போர்க் கிணறு வைத்திருக்கும் யாருக்கும் இது விளங்கும். எங்கள் நிலத்தில் ஒரு முறை மோட்டார் நின்றுபோனது. கோளாறு என்னவோ காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், எரிந்துபோனதுதான். காயில் கட்ட ஆன செலவு பெரிதில்லை. 600 அடியிலிருந்து பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே கொண்டுவர ஆன வண்டிக் கூலியும் ஆள் கூலியும்தான் பெரிது. மோட்டார் வெளியே வந்ததும் மெக்கானிக் சொன்னார்: "எடுத்ததோட எடுத்ததா கேபிளையும் மாத்திடுங்க அண்ணா, பைப்புல ரெண்டு துரு புடிச்சிருக்கு, அதையும் மாத்திடுங்க. இன்னொரு வாட்டி எடுத்தா மறுபடி இதே கூலி." கேபிள் அதுவரை நன்றாகத்தான் வேலை செய்தது. இருந்தாலும் மாற்றினோம். 2009-ல் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் போன ஏழு பேரும் ஹப்பிளில் இதைத்தான் செய்தார்கள். 1990-ல் வைத்த மின்கலங்கள் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் எல்லாவற்றையும் மாற்றினார்கள், ஏனென்றால் அடுத்த பயணம் கிடையாது என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, இப்போது ஹப்பிளுக்கு என்னதான் கோளாறு?

இரண்டு. முதலாவது கைரோ. தொலைநோக்கி எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று உணர்ந்து சொல்லும் கருவி அது. மூடிய உருளைக்குள் ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 19,200 முறை சுற்றும். அந்த உருளை கெட்டியான ஒரு திரவத்தில் மிதக்கும். சக்கரத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகள் தலைமுடியை விட மெல்லியவை, அவை அந்தத் திரவத்துக்குள்ளேயே ஓடுகின்றன. பழைய கைரோக்களில் திரவத்தை உள்ளே தள்ளுவதற்கு அழுத்தக் காற்றைப் பயன்படுத்தினார்கள். காற்றிலிருந்த ஆக்சிஜன் திரவத்தில் கலந்து கம்பிகளை மெல்ல அரித்து அறுத்தது. காரணம் தெரிந்த பிறகு காற்றுக்குப் பதில் நைட்ரஜனுக்கு மாறினார்கள். அப்புறம் கம்பிகளுக்கே அரிப்பைத் தாங்கும் பூச்சும் கொடுத்தார்கள்.

2009-ல் ஆறு புதிய கைரோக்கள் வைக்கப்பட்டன. மூன்று பழைய வகை, மூன்று பூச்சு கொடுத்த வகை. பழைய வகை மூன்றும் 2018 அக்டோபருக்குள் செத்துவிட்டன. மிஞ்சிய மூன்றில் ஒன்று 2023 நவம்பரிலிருந்து தப்புத் தப்பாகக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் தொலைநோக்கி வேலையை நிறுத்திவிட்டுத் தன்னைப் பாதுகாக்கும் நிலைக்குப் போனது. 2024 ஜூனில் நாசா ஒரு முடிவெடுத்தது: ஒரே ஒரு கைரோவில் ஓட்டுவது, இன்னொன்றைக் கையிருப்பில் வைப்பது. குறைகிற தகவலைக் காந்தமானி, சூரிய உணரி, விண்மீன் உணரி ஆகியவை நிரப்பும். இதனால் வேலைத்திறன் சுமார் 12 சதவீதம் குறைகிறது. செவ்வாயை விட நெருக்கமாக வரும் பொருள்களைத் துரத்திப் படம் பிடிக்க முடியாது. இருந்தாலும், 2035 வரை ஒரு கைரோவாவது உயிரோடு இருக்க 70 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பது நாசாவின் கணிப்பு.

இரண்டாவது கோளாறு உயரம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலையாகத் தெரிகிறது. ஹப்பிளில் உந்து எஞ்சின் எதுவும் கிடையாது. எரிபொருளின் புகை ஆடியில் படிந்துவிடும் என்பதால் வேண்டுமென்றே வைக்கவில்லை. 1990-ல் 600 கிலோமீட்டருக்கு மேல் விடப்பட்டது. அந்த உயரத்திலும் கொஞ்சம் காற்று இருக்கிறது, அது இழுத்துக்கொண்டே இருக்கும். பழுது பார்க்கப் போன விண்ணோடங்கள் திரும்பும் முன் சில முறை மேலே தூக்கிவிட்டன. 2009-க்குப் பிறகு தூக்க யாரும் இல்லை. 2024-ல் உயரம் சுமார் 515 கிலோமீட்டர். சூரியன் சீற்றமாக இருக்கும் வருடங்களில் மேல் வளிமண்டலம் உப்பும், இழுவையும் கூடும். அண்மைய வருடங்கள் அப்படிப்பட்டவைதான். இப்படியே போனால் 2030-களின் நடுவில் ஹப்பிள் கீழே வந்துவிடும்.

கைரோ பிழைத்தாலும் உயரம் பிழைக்காது என்றால், ஏதோ ஒன்று மேலே போய்த்தான் ஆக வேண்டும். இந்த இடத்துக்குத் திரும்ப வருகிறேன்.

ஹப்பிள் முதலிலிருந்தே பழுது பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட கருவி. பல பாகங்கள் பெட்டி பெட்டியாக, கழற்றி மாட்டும்படி இருக்கும். விண்நடை போகிறவர்கள் பிடித்துக்கொள்ள உடம்பெங்கும் கைப்பிடிகள் உண்டு. இந்த யோசனை வெறும் ஆசையாக இல்லை. ஹப்பிளுக்கு முன்பே, 1984 ஏப்ரலில் சோலார் மேக்ஸ் என்ற செயற்கைக்கோளை விண்ணோட வீரர்கள் சுற்றுப்பாதையிலேயே பிடித்துச் சரி செய்திருந்தார்கள்.

ஏவிய சில வாரங்களிலேயே ஹப்பிளின் ஆடி தப்பாகத் தேய்க்கப்பட்டிருப்பது தெரிந்தது. தேய்ப்பைச் சோதிக்கும் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. விளைவு, ஆடியின் விளிம்பு சுமார் 2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. முடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அதற்கே படங்கள் கலங்கலாக வந்தன. ஆடியைக் கழற்ற முடியாது. ஆனால் தப்பு துல்லியமான தப்பு. எவ்வளவு தட்டை என்று சரியாகத் தெரிந்ததால், அதற்கு நேர் எதிரான வளைவை அடுத்த கருவிகளில் வைத்துவிடலாம். 1993 டிசம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் போனவர்கள் ஐந்து விண்நடைகளில் புதிய கேமராவையும், மற்றக் கருவிகளுக்குக் கண்ணாடி போட்டுவிடுவது போன்ற ஒரு திருத்தப் பெட்டியையும் வைத்தார்கள். அதன் பிறகு வந்த படங்களைத்தான் உலகம் ஹப்பிள் படங்கள் என்று கொண்டாடுகிறது.

1997, 1999, 2002, 2009 என்று அடுத்தடுத்து நான்கு பயணங்கள். 1999-ல் ஆறு கைரோக்களில் நான்கு செத்து, தொலைநோக்கி ஒரு மாதத்துக்கு மேல் கண் மூடிக் கிடந்தபோது போய் எழுப்பினார்கள். 2002-ல் மின் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றினார்கள். மாற்றுவதற்கென்று வடிவமைக்கப்படாத பாகம் அது, 36 இணைப்புகள். அதற்காக ஹப்பிளை ஏவிய நாளிலிருந்து முதல் முறையாக முழுவதுமாக அணைத்தார்கள். மறுபடி எரியுமா என்று தெரியாமல் அணைப்பது என்றால் எப்படி இருந்திருக்கும்! எரிந்தது.

2009-ல் நடந்த ஒரு வேலையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். 2004-ல் மின்வழங்கி கெட்டுச் செத்துப்போன ஒரு நிறமாலைமானியின் உள்ளே ஒரு மின்சுற்று அட்டையை மாற்ற வேண்டும். அந்தக் கருவியை மேலே திறப்பார்கள் என்று கட்டியவர்கள் நினைக்கவில்லை. மூடியில் 111 சின்னத் திருகுகள். விண்ணுடையின் தடிமனான கையுறையோடு ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், ஒன்றுகூட மிதந்து உள்ளே போய்விடக் கூடாது. இதற்காகவே கழற்றிய திருகுகள் எல்லாம் சிக்கிக்கொள்ளும்படி ஒரு தட்டுச் செய்து கொண்டுபோனார்கள். அதற்கு முன்னாடி, வழியை மறைத்த கைப்பிடியைக் கழற்ற வேண்டும். அதன் ஒரு போல்ட்டின் தலை வழுக்கிவிட்டது. விண்நடை போன வீரர் மைக் மாசிமினோ கடைசியில் கையால் இழுத்தே கைப்பிடியைப் பெயர்த்தார். நம் ஊர்ப் பட்டறையில் தினமும் நடக்கிற காரியம். அங்கே அது 560 கிலோமீட்டர் உயரத்தில், பல நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க நடந்தது. அந்தக் கருவி மறுபடி உயிர் பெற்றது. முழுக்க முழுக்கக் கையும் கண்ணும் மூளையும் ஒரே இடத்தில் இருந்ததால் நடந்த பழுது அது.

ஆனால் இந்தப் பயணம் நடக்காமலே போயிருக்கும். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விண்ணோடம் பழுதானால் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஒதுங்கலாம் என்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆனது. ஹப்பிளுக்குப் போகிறவர்களுக்கு அந்த வழி கிடையாது. ஹப்பிள் நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்வில் சுற்றுகிறது, நிலையம் 51.6 பாகையில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டிய எரிபொருள் எந்த விண்ணோடத்திலும் இல்லை. 2004 ஜனவரியில் நாசா தலைவர் ஷான் ஓகீஃப் பயணத்தை ரத்து செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வருடம் முன்புதான் ஏழு குடும்பங்களிடம் போய் நின்றவர்.

அப்போது மேசையில் மூன்று வழிகள் இருந்தன. ரோபோவை அனுப்புவது. செய்து வைத்திருந்த புதிய கருவிகளை வேறொரு புதுத் தொலைநோக்கியில் வைத்து ஏவுவது. அல்லது துணிந்து மனிதர்களை அனுப்புவது. அமெரிக்க அறிவியல் அகாடமிகளின் குழு 2004 டிசம்பரில் தன் முடிவைச் சொன்னது: ரோபோ வேலைக்கு ஆகாது, குறித்த காலத்தில் தயாராகாது, மனிதர்களையே அனுப்புங்கள். அடுத்து வந்த தலைவர் மைக்கேல் கிரிஃபின் 2006 அக்டோபர் 31 அன்று பயணத்தை மறுபடி அறிவித்தார். 2009-ல் அட்லாண்டிஸ் கிளம்பியபோது, மீட்பதற்காக எண்டெவர் பக்கத்து ஏவுதளத்தில் தயாராக நின்றது. ஒரு தொலைநோக்கியைப் பழுது பார்க்க இரண்டு விண்ணோடங்கள். சுமைகூலி என்று நான் சொல்வது இதைத்தான்.

இதைக் கேட்டதும் நியாயமான ஓர் எதிர்வாதம் எழும். இத்தனை செலவில் புதிதாகவே இரண்டு மூன்று ஹப்பிள்களை அனுப்பியிருக்கலாமே? ஏவிய நாள் வரை ஹப்பிளுக்கு ஆன செலவு சுமார் 150 கோடி டாலர். பழுதுப் பயணங்களையும் நடத்தும் செலவையும் சேர்த்தால் சுமார் 1,000 கோடி டாலர் என்பார்கள். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு ஆன செலவும் ஏறக்குறைய அவ்வளவே. கணக்காகப் பார்த்தால் எதிர்வாதம் நிற்கிறது. ஆனால் காலத்தை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. வெப்பை 2007 வாக்கில் ஏவிவிடலாம் என்றுதான் தொடக்கத்தில் நினைத்தார்கள். ஏவியது 14 வருடம் கழித்து. 2004-ல் ஹப்பிளைக் கைவிட்டு வெப்புக்காகக் காத்திருந்தால், நடுவில் ஒரு தலைமுறை மாணவர்கள் விண்வெளியில் கண் இல்லாமல் படித்து முடித்திருப்பார்கள்.

அதை விட முக்கியமாக, புதியது பழையதன் வேலையைச் செய்யுமா என்று கேட்க வேண்டும். வெப்பின் ஆடி 6.5 மீட்டர், ஆனால் அது பார்ப்பது அகச்சிவப்பு. புற ஊதாவைப் பார்க்காது. அடுத்து வரும் ரோமன் தொலைநோக்கியை 2027 மே மாதத்துக்குள் ஏவ வேண்டும் என்பது நாசாவின் இலக்கு. ஆடி ஹப்பிளின் அளவேதான், 2.4 மீட்டர். ஒரே பார்வையில் ஹப்பிளை விட நூறு மடங்கு பரப்பைப் படம் பிடிக்கும். அற்புதமான கருவி. அதற்கும் புற ஊதாக் கண் கிடையாது. உண்மையான வாரிசு என்றால், 2021-ல் அமெரிக்க வானியலாளர்கள் பரிந்துரைத்த, சுமார் 6 மீட்டர் ஆடியுள்ள, வாழத்தகுந்த உலகங்களைத் தேடும் தொலைநோக்கிதான். அது 2040-களில்தான் வரும். ஹப்பிள் 2030-களின் நடுவில் விழுந்தால் இடையில் பல வருடம் பெரிய புற ஊதாத் தொலைநோக்கியே இல்லாமல் போகும்.

புற ஊதா ஏன் அவ்வளவு முக்கியம்? இளம் சூடான விண்மீன்கள் அதில்தான் அதிகம் ஒளிர்கின்றன. விண்மீன் திரள்களைச் சுற்றி இருக்கும் வாயுவின் தடயங்களும், கோள்களின் வளிமண்டலம் கசியும் தடயங்களும் அந்த ஒளியில் பதிந்திருக்கின்றன. நம் தலைக்கு மேல் இருக்கும் ஓசோன் அதைத் தடுத்துவிடுகிறது. நமக்கு அது வரம், வானியலாளருக்குச் சுவர். காவலூர் ஆடியை எத்தனை முறை பளபளப்பாகப் பூசினாலும் அங்கே அந்த ஒளி வந்து சேராது.

காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கு இது நன்றாகத் தெரியும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கியை முன்னின்று உருவாக்கியவர்கள் அவர்கள்தான். 37.5 சென்டிமீட்டர் ஆடிகள் இரண்டு. ஐந்து வருடத்துக்கென்று கட்டப்பட்ட செயற்கைக்கோள் பத்து வருடம் தாண்டி ஓடியது. ஆனால் அதன் புற ஊதாக் கருவியின் மூன்று பிரிவுகளில் ஒன்று 2018-லேயே நின்றுவிட்டது. போய்ப் பார்க்க வழியில்லை. மீதி இரண்டை வைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். காவலூரில் ஒரு உணரி கெட்டால் பெங்களூரிலிருந்து ஆள் வந்துவிடுவார்.

புதியது வந்தால் பழையது தேவையில்லை என்பதற்கு நம் பக்கமே ஒரு மறுப்பு இருக்கிறது. 2000-ல் லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்று வந்தது. வறண்ட காற்று, இருண்ட வானம், எல்லா வகையிலும் காவலூரை விடச் சிறந்த இடம். காவலூருக்கோ பருவமழை மேகம், மெல்ல ஏறிவரும் ஊர் விளக்குகளின் வெளிச்சம். அப்படியும் காவலூரை மூடவில்லை. காரணம் அதன் இடம். ஹன்லே 32.8 பாகை வடக்கே, காவலூர் 12.6 பாகை. தென்வானத்து ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்து ஹன்லேயில் அடிவானத்துக்கு மேல் 10 பாகை கூட வருவதில்லை. ஜவ்வாது மலையில் 30 பாகை ஏறி நிற்கும். காவலூரில் 1972-ல் நிறுவிய 1 மீட்டர் தொலைநோக்கிதான் 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையங்கள் ஒரு விண்மீனை மறைத்தபோது அதைப் பதிவு செய்தது. அதிலும் பிற்காலத்தில் புதுப்புது உணரிகளை வைத்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

அதற்காக எல்லாப் பழைய கருவிகளையும் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1991-ல் ஏவிய காம்ப்டன் காமா கதிர் ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 17 டன். அறிவியல் கருவிகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே 1999 டிசம்பரில் ஒரு கைரோ செத்தது. இன்னொன்றும் போனால், எங்கே விழும் என்று கட்டுப்படுத்துவது கடினமாகிவிடும். ஆகவே கை கால் இயங்கும்போதே 2000 ஜூன் 4 அன்று பசிபிக் கடலில் இறக்கினார்கள். ஆராய்ச்சியாளர்கள் பலர் எதிர்த்தார்கள். மனித உயிர் மேல் விழும் சாத்தியத்தை வைத்துப் பார்த்தால் முடிவு சரி. கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி வேறு கதை. அதைத் திருப்பி நிலைநிறுத்தும் நான்கு திசைச் சக்கரங்களில் இரண்டாவதும் 2013-ல் நின்றதும், சூரிய ஒளியின் அழுத்தத்தையே மூன்றாவது சக்கரமாகப் பயன்படுத்தி அதை 2018 வரை ஓட்டினார்கள். தொடாமலே செய்த பழுது.

ஹப்பிளுக்கு 2022-ல் ஒரு வாய்ப்பு வந்தது. ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் போய் உயரத்தைத் தூக்கிவிட முடியுமா என்று நாசாவும் அந்நிறுவனமும் ஆராய ஒப்புக்கொண்டன. தன் செலவில் விண்வெளி போய்வந்த ஜாரெட் ஐசக்மேன் இதில் முன்னின்றார். 2024 ஜூனில், இப்போதைக்கு வேண்டாம் என்று நாசா சொல்லிவிட்டது. பயம் பொய்யில்லை. டிராகனில் விண்ணோடத்தில் இருந்தது போல ரோபோக் கை கிடையாது, விண்நடைக்கான காற்றறை கிடையாது. உந்து எஞ்சினின் புகை ஆடியில் படியலாம். இணையும்போது இடித்தால் நன்றாக ஓடும் கருவியையே இழக்கலாம். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற யோசனை அது. கைரோ மாற்றும் வேலையைப் பொறுத்தவரை நான் அதை ஒப்புக்கொள்கிறேன். ஒற்றைக் கைரோவில் ஓட்டத் தெரிந்த பிறகு, அதற்காக ஆள்களை அனுப்புவது அவசரமில்லை.

உயரம் தூக்குவது வேறு. இங்கேதான் நாசாவின் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. ஹப்பிள் 12 டன்னுக்குப் பக்கம். ஆடியும் அதைத் தாங்கும் சட்டமும் வளிமண்டலத்தில் முழுவதும் எரிந்துவிடாது. ஆள் மேல் விழும் ஆபத்து பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது நாசாவின் சொந்த விதி, கட்டுப்பாடில்லாமல் விழவிட்டால் அந்த வரம்பு மீறும். ஆகவே என்றாவது ஒரு நாள் ஒரு கலம் போய் ஹப்பிளைப் பற்றிக் கடலில் இறக்கத்தான் வேண்டும். அந்தச் சுமைகூலியைக் கொடுக்காமல் இருக்க முடியாது. எப்படியும் கொடுக்கப்போகிற கூலியைச் சில வருடம் முன்னதாகவே கொடுத்து, அதே கலத்தை வைத்து முதலில் மேலே தூக்கி, அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கச் செய்து, ஹப்பிள் சாகும் நாளில் அதையே வைத்து இறக்கினால் என்ன? மனிதர் போக வேண்டியதில்லை. 2020-ல் இப்படி ஒரு கலம் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்த இண்டெல்சாட் 901 என்ற செயற்கைக்கோளைப் பற்றிக்கொண்டு அதன் வாழ்நாளை நீட்டியது. 2025 ஜனவரியில் நம் இஸ்ரோவே இரண்டு கலங்களை விண்வெளியில் இணைத்துக் காட்டியது. 2004-ல் அந்தக் குழு ரோபோ வேண்டாம் என்றது அன்றைய நிலைமையில் சரி, இன்றைக்கு அதே பதிலைச் சொல்லக் கூடாது.

நாசாவும் அந்தத் திசையில் ஒரு கால் எடுத்து வைத்திருக்கிறது. 2004-ல் ஏவிய ஸ்விஃப்ட் தொலைநோக்கியும் இதே இழுவையால் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கிவிட 2025 செப்டம்பரில் கேட்டலிஸ்ட் என்ற நிறுவனத்துக்கு 3 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். பற்றிக்கொள்வதற்கென்று எந்த ஏற்பாடும் இல்லாத கருவி ஸ்விஃப்ட்.

பணம் கொடுக்கும் பக்கத்தின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹப்பிளை நடத்த வருடத்துக்குச் சுமார் 9.8 கோடி டாலர் ஆகிறது. பழைய கருவிகளுக்குப் போகும் ஒவ்வொரு டாலரும் புதிய கருவியைக் கனவு காணும் இளம் ஆராய்ச்சியாளரின் பையிலிருந்து போவது. ஆனால் ஹப்பிளில் நேரம் கேட்டு வரும் விண்ணப்பங்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கும் நேரத்தை விடப் பல மடங்கு அதிகம். கேட்டு வருகிறவர்களில் பெரும்பங்கு அதே இளைஞர்கள்தான். வரிசை நிற்கும் கடையை மூட எனக்குக் காரணம் தெரியவில்லை.

2040-களின் அந்தப் புதிய தொலைநோக்கியைப் பழுது பார்க்கத் தக்கதாகவே கட்டத் திட்டமிடுகிறார்கள். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், வெப் இருக்கும் அதே பகுதியில், ரோபோ போய்ப் பெட்டியை மாற்றும்படி. வெப்புக்கு அந்த வசதி கிடையாது. அதன் ஆயுள் அதிலுள்ள எரிபொருளின் அளவு.

ஹப்பிளின் முதுகில், 2009-ல் அட்லாண்டிஸ் வீரர்கள் திரும்பும் முன் ஒரு வளையத்தைப் பொருத்திவிட்டு வந்தார்கள். பின்னாளில் ஒரு கலம் வந்தால் பற்றிக்கொள்ள வசதியாக. ஸ்விஃப்டுக்கு இல்லாதது ஹப்பிளுக்கு இருக்கிறது. உயரம் இறங்க இறங்கக் காற்றின் இழுவை கூடும், ஒரு கலம் போய் நிதானமாகப் பற்றித் தூக்குவதற்கான காலம் சுருங்கும். கட்டி முடித்து ஏவ எப்படியும் சில வருடம் பிடிக்கும் என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியது இந்தச் சில வருடங்களுக்குள்தான்.